இரண்டு வரி மொழிபெயர்ப்பு

பீலெஃபெல்ட்
10.10.2024

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

இத்தனை வருடமாக "நாதன் அண்ணை" என்று எழுதிய கைதான் இது. இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. குறை நினைக்க வேண்டாம். நினைத்தாலும் எனக்குப் பரவாயில்லை.

உங்கள் சங்கத்தின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. "எம்மவரின் உற்ற நண்பர், ஓய்வுபெற்ற பிரித்தானிய இராஜதந்திரி, அமரர் ஜெஃப்ரி ஹால்ஸ்டன் அவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுக்கு நீங்களும் நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே உங்கள் கையெழுத்து.

வெள்ளைக்காரனுக்குக் கல்வெட்டாம்! செத்தவரின் படத்தைப் போட்டு, பிறப்பு, வளர்ப்பு, உத்தியோகம், தேவாரம் எல்லாம் அச்சடித்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கையில் தருவோமே, அந்தப் புத்தகம் அந்த மனிதருக்கு. என் மனுசனுக்கு அப்படி ஒன்று அடிக்க ஊரில் ஒரு அச்சகமும் திறந்திருக்கவில்லை.

என் மனுசன் தம்பித்துரைக்கு லண்டன் விசாவை மறுத்து எண்பத்தாறாம் ஆண்டு கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் கையெழுத்து வைத்தவர் யார்? இதே ஹால்ஸ்டன். அது உங்களுக்குத் தெரியாதா? அந்த அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த மொழிபெயர்ப்பாளரே நீங்கள்தானே. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையோடு வரும்போது நகையை விட்டுவிட்டு அதைத்தான் கொண்டு வந்தேன்.

நவம்பர் இரண்டாம் திகதி கொலோனுக்கு வருவேன். அவருடைய மகள் லிசாவும் வருவாள் என்று போட்டிருக்கிறது. நல்லது. எல்லோருக்கும் முன்னால் அந்தக் கடிதத்தை வாசிப்பேன். தகப்பன் செய்த வேலையை மகளும் அறியட்டும்.

இன்னொன்று. இந்த அழைப்பு எனக்கு எப்படி வந்தது? உங்கள் பட்டியலில் என் பெயரை யார் போட்டது?

போன் எடுக்க வேண்டாம். உங்கள் இலக்கத்தை என் மகள் கஜந்தி பூட்டித் தந்துவிட்டாள். போனில் என்றால் நீங்கள் இனிக்க இனிக்கக் கதைத்து என்னைச் சமாளித்துவிடுவீர்கள். சொல்ல இருப்பதைக் கடதாசியில் எழுதுங்கள்.

சுந்தரேஸ்வரி

*

கொலோன்
13.10.2024

அன்புத் தங்கச்சி சுந்தரேஸ்வரிக்கு,

உமது கடிதம் கண்டேன். கோபம் நியாயமானது. அந்த அழைப்பு உமக்கு வந்தது சங்கத்துப் பெடியள் முகவரிகளைப் பார்க்காமல் அனுப்பியதால் நடந்த பிழை. மனம் நொந்திருந்தால் மன்னிக்கவும்.

ஆனாலும் ஒரு மனிதரின் உத்தியோகத்தை ஒரு கடிதத்தை வைத்து அளக்கலாமா என்று யோசித்துப் பாரும். கல்வெட்டுக்கு நான் எழுதி வைத்திருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வட இங்கிலாந்தில் ஒரு ரயில் கார்டின் மகன். ஐம்பத்தைந்தில் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். முதலில் ரங்கூன், பிறகு அக்ரா, பிறகு இங்கே ஜெர்மனியின் பழைய தலைநகர் பொன். இங்கேதான் ஜெர்மன்காரியைக் கலியாணம் முடித்தார், லிசா பிறந்தாள். எண்பத்துநாலில் கொழும்பு. அங்கிருந்து ஒரு தூதுவராகப் போகக்கூடியவர் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. லண்டனில் கோப்பு அறையில் இரண்டு வருடம், பிறகு மறுபடி பொன்னில் கடவுச்சீட்டு தொலைத்தவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் கவுண்டரில் நாலு வருடம். அறுபது வயதில் ஓய்வு.

அதற்குப் பிறகுதான் எங்களுடைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். இருபது வருடம் சனிக்கிழமை தவறாமல் சங்க மண்டபத்தில் வந்து இருந்து, அகதி வழக்குகளுக்கு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னிடம் தமிழ் படித்தார். "வாறன், போறன்" என்றுதான் கதைப்பார். கடைசியில் பாட் கோடஸ்பேர்க்கில் முதியோர் இல்லத்தில் இருந்தபோதும் நான் போனால் "இருங்கோ நாதன்" என்பார்.

தம்பித்துரை விடயத்தில் அவர் தன் கடமையைத்தான் செய்தார். முன்னால் வந்த தகவலை வைத்துத்தான் ஒரு அதிகாரி முடிவெடுக்க ஏலும்.

தயவுசெய்து அந்தக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டாம். லிசா நல்ல பிள்ளை. தகப்பன் செத்து மாதம் ஆகவில்லை.

அன்புள்ள,
நாதன் அண்ணை

*

பீலெஃபெல்ட்
17.10.2024

நாதன் அண்ணைக்கு,

அண்ணை என்று எழுதிவிட்டேன். தொண்ணூற்றொன்றில் என் அகதி அன்ராக் விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி, நான் அழுதழுது சொன்னதை எல்லாம் ஜெர்மன் அதிகாரிக்கு டொச்சில் சொன்னவர் நீங்கள். கஜந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் நீங்கள்தான் ரயிலேறி வந்தீர்கள். அந்த நன்றிக்காக இந்த ஒரு கடிதம். இல்லாவிட்டால் உங்கள் "கடமை"க்குப் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

ரங்கூன், அக்ரா என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எதற்கு அந்த ஊர்வலம்? ஒரே ஒரு நாள்தான் எனக்கு வேண்டும். எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம், நீங்கள், ஹால்ஸ்டன், என் மனுசன் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்த அந்த நாள்.

மறுப்புக் கடிதத்தில் நாலாவது பந்தியை எனக்குப் பாராமல் சொல்லத் தெரியும். "தாம் துன்புறுத்தப்பட்டதாக விண்ணப்பதாரர் எவ்விடத்திலும் கூறவில்லை. ஆகவே இதை விசேட பரிவுக்குரிய விடயமாக லண்டனுக்கு அனுப்பக் காரணம் இல்லை." என் மனுசனுக்கு இங்கிலீஷ் வராது. டிப்போவில் பஸ் திருத்துகிறவருக்கு அது எதற்கு? நான்தான் வாசித்தேன். நான் வாசித்து இருபத்துமூன்றாம் நாள், பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போனவரைச் சந்தியில் சுட்டுப் போட்டார்கள். ஏற்கெனவே ஆமி பிடித்துப் போய் இராணுவ முகாமில் பெயர் பதிந்திருந்தவர். அடையாளம் காண அவர்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு வசனத்தை நான் பத்துத் தரம் வாசித்தேன். "முன்னால் வந்த தகவலை வைத்துத்தான்." அண்ணை, தகவல் எந்த வழியால் ஹால்ஸ்டனுக்கு முன்னால் வந்தது?

வேறு ஒன்றும் எழுத வேண்டாம். முகாமில் தனக்கு நடந்ததை அவர் அந்த அறையில் சொன்னாரா, இல்லையா? ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் இல்லை.

சுந்தரேஸ்வரி

*

கொலோன்
22.10.2024

தங்கச்சி,

வெள்ளிக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். கண் வைத்தியரிடம் முன்பே நேரம் குறித்த ரெர்மின் இருந்தது, பிறகு சங்கக் கூட்டம். இதெல்லாம் சாட்டு. உம்முடைய கேள்வியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஓம். அவர் சொன்னார்.

முழுக்கச் சொன்னார். அந்த அறையில் ஹால்ஸ்டன், நான், தட்டச்சு செய்ய பேர்பெச்சுவா என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி. ஹால்ஸ்டன் கேட்டது இதுதான்: "உங்கள் விண்ணப்பத்தை விசேடமாகக் கவனிக்கும்படி லண்டனுக்கு எழுத ஏதாவது காரணம் இருக்கிறதா?" நான் தமிழில் கேட்டேன். தம்பித்துரை தன் கையைப் பார்த்தபடி தொடங்கினார். உடுப்பில்லாமல் நிறுத்தினது, தன் உடம்பில் செய்தது, எத்தனை பேர், எதால், எத்தனை நாள் என்று ஒரு பஸ் என்ஜினில் என்ன பழுது என்று சொல்வது மாதிரி ஒழுங்காகச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். தலை நிமிரவில்லை. குரலும் உடையவில்லை.

நான் இரண்டு வரி சொன்னேன். "இவரைப் பிடித்து விசாரித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்."

"துன்புறுத்தினார்களா?" என்று ஹால்ஸ்டன் கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்கவே இல்லை. "அப்படி ஒன்றும் சொல்லவில்லை, சேர்" என்று நானே பதில் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர். பேர்பெச்சுவா இருந்தாள். தமிழ்ப் பிள்ளை, தமிழில் சொன்னதை எல்லாம் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் நானும் அதை இங்கிலீஷில் சொல்லி, அவள் அதைத் தட்டச்சு செய்து, அது கோப்பில் ஏறிவிட்டால் ஒரு ஆம்பிளையின் பெயருக்குப் பக்கத்தில் அது காலத்துக்கும் நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. ஊரில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன், அவனுடைய மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன். அதுவும் பொய். அவர் வெட்கப்படவில்லை. சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துத்தான் ஊரிலிருந்து கோச்சி, அந்த யாழ்ப்பாண ரயில், ஏறி வந்திருந்தார். வெட்கப்பட்டது நான். என் வாயால் அந்தச் சொற்களை ஒரு வெள்ளைக்காரனுக்குச் சொல்ல எனக்குக் கூச்சம்.

வெளியில் வந்ததும் என் கையைப் பிடித்து, "அண்ணை, எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டீங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஓம், ஒண்டுக்கும் யோசியாதை" என்றேன்.

அவர் செத்த செய்தியை நான்தான் ஹால்ஸ்டனுக்குக் காட்டினேன். அன்றைக்கே தன்னைப் பற்றித் தானே லண்டனுக்கு முறைப்பாடு எழுதினார். "நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பார்" என்று. திரும்ப எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. அதோடு அவருடைய உத்தியோகம் முடிந்தது. கோப்பு அறை, கவுண்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த முறைப்பாட்டை அவர் எழுதும்போது நான் அதே அறையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவர் எழுதித் தந்த நற்சான்றுக் கடிதத்தோடுதான் நான் ஜெர்மனிக்கு வந்தேன்.

உமக்கு வந்த அழைப்பும் பிழையாக வந்ததில்லை. தான் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்களை அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் அழைப்பு அனுப்பினோம். முதலாவது பெயர் உம்முடையது. தொண்ணூற்றிரண்டில் உம்முடைய வழக்குத் தோற்கும் நிலையில் இருந்தபோது நீதிமன்றத்துக்கு ஒரு நிபுணரின் கடிதம் வந்ததே, ஞாபகமா? அது அவருடையது. தம்பித்துரையின் மனைவி என்று நான் சொன்னேன். தன் பெயரை உமக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்து வருடத்துக்கு முன் முதியோர் இல்லத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தமிழில் கேட்டார்: "நாதன், அண்டைக்கு அந்த மனிதர் கனநேரம் கதைச்சவர். நீங்கள் ரெண்டு வரிதான் சொன்னனீங்கள். நீளம் எனக்கு விளங்கினது. நான்தான் கேட்டிருக்க வேணும்."

நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மண்டபத்தில் அந்தக் கடிதத்தை வாசிப்பதென்றால் வாசியும். ஆனால் அதில் இருக்கும் பொய் அவருடையதில்லை.

நாதன்

*

பீலெஃபெல்ட்
26.10.2024

நாதன் அண்ணை,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் சோறு கிடந்ததை மறந்து போனேன். கஜந்தி வந்துதான் பானையைக் கழுவினாள்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை என் பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை.

அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. முகாமால் வந்து ஐந்து கிழமை அவரால் கதிரையில் இருக்க ஏலாமல் இருந்தது. அவர் இடுப்பில் உடுத்த சாரத்தைத் தோய்த்தது நான். கேட்காமலே தெரிந்துகொண்டேன், தெரிந்தது மாதிரிக் காட்டவும் இல்லை.

மறுப்புக் கடிதம் வந்த அன்று நாலாவது பந்தியை வாசித்துவிட்டு அவரிடம் போனேன். "ஏன் சொல்லேல்லை? வாயில்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நான் சொன்னனான்" என்றார்.

"அப்ப இதில சொல்லேல்லை எண்டு எழுதியிருக்கு?"

"நான் சொன்னனான். நாதன் அண்ணையைக் கேட்டுப் பாரும்."

நான் கேட்கவில்லை, அண்ணை. உங்களைக் கேட்டால், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் அதே வெட்கம்தான். அதற்குப் பதிலாக, "அங்க ஊமையா இருந்திட்டு இங்க வந்து பொய் சொல்லுறீங்கள்" என்று கத்தினேன். கையில் இரண்டு மாதப் பிள்ளை. அவர் அன்றிலிருந்து மற்ற அறையில் படுத்தார். இருபத்துமூன்று நாள். சோறு போட்டேன், சாப்பிட்டார். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. கடைசியில் பால்மா முடிந்துவிட்டது என்று சொன்னேன், எழும்பிப் போனார்.

அச்சடித்த கடிதத்தை நம்பினேன். கட்டின மனுசனை நம்பவில்லை. முப்பத்தெட்டு வருடமாக அந்த வெள்ளைக்காரன் மேல் நான் போட்ட பழியில் பாதி என்னுடையது என்று எனக்கு அடிமனதில் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் போட்டேன்.

இனி நான் கேட்பதைச் செய்யுங்கள். இரண்டாம் திகதி நான் அந்தக் கடிதத்தை வாசிக்கப் போவதில்லை. நீங்கள் எழும்பி நின்று, அன்றைக்கு அவர் பத்து நிமிடம் சொன்னதை மொழிபெயர்க்க வேண்டும். லிசாவுக்கு விளங்க டொச்சில். ஒன்றும் விடாமல்.

சுந்தரேஸ்வரி

*

கொலோன்
28.10.2024

தங்கச்சி,

செய்கிறேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை, மறக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். டொச்சிலும் எழுதிவிட்டேன். மூன்று பக்கம்.

ஒரேயொரு விண்ணப்பம். இரண்டாம் பக்கத்தில் அந்த நாலு வசனம். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், பெண்கள் இருப்பார்கள், கஜந்தியும் இருப்பாள். தகப்பனைப் பற்றி ஒரு மகள் அதைக் கேட்க வேணுமா? அந்த இடத்தில் "மிகக் கொடூரமாக நடத்தப்பட்டார்" என்று சொன்னால் போதாதா? பொருள் மாறாது.

நாதன்

*

பீலெஃபெல்ட்
30.10.2024

நாதன் அண்ணை,

வெள்ளிக்கிழமை லீவு, தபால் வராது. அதனால் இதை இப்போதே போய்ப் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நீங்களே ஒருதரம் வாசித்துப் பாருங்கள். எழுபது வயதிலும் திரும்ப அதையே செய்கிறீர்கள்.

சின்னப் பிள்ளைகளை லிசா வெளியில் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஆள் பிடித்துவிட்டாள். கஜந்தி அவளோடு கதைத்து ஒழுங்கு செய்தாள். கஜந்திக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். உங்கள் தமிழ்ப் பிரதி அவளுடைய கையில் இருக்கும். நீங்கள் டொச்சில் சொல்லச் சொல்ல அவள் வரி வரியாகப் பார்ப்பாள்.

பொருள் மாறாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன முறை மாறினது.

சுந்தரேஸ்வரி

*

பீலெஃபெல்ட்
06.11.2024

நாதன் அண்ணை,

சொல்லி முடித்ததும் பக்கக் கதவால் போய்விட்டீர்கள். சாப்பிடவும் இல்லை. அதனால் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

நாலு வசனத்தையும் சொன்னீர்கள். இரண்டாம் பக்கத்தில் உங்கள் குரல் போனபோது, இதோ தாண்டிப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி முதலாம் வசனத்திலிருந்து சொன்னீர்கள். கஜந்தி ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் புள்ளி போட்டாள். கடைசிப் புள்ளி போட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மண்டபத்தில் சிலர் உங்களைத் துரோகி என்றார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருவர் இதைக் கல்வெட்டு நாளில் கதைத்திருக்கக் கூடாது என்றார். அவருக்கு வடை கொடுத்து வாயை மூடினேன்.

லிசா வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மறுப்புக் கடிதத்தைக் காட்டினேன். தகப்பனின் கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கஜந்தியிடம் ஏதோ கேட்டாள். "என்ர அப்பா எப்பிடிப்பட்டவர் எண்டு கேக்கிறா, அம்மா" என்றாள் கஜந்தி.

நான் தொடங்கினேன். அவர் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்த டிப்போ பஸ் என்று சொல்வது, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கையை மூன்று தரம் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்கு வருவது, சீனி போட்ட தேத்தண்ணிக்கு மேல் ஒரு கரண்டி சீனி, பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று வந்தவன் போனவனுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தது. எவ்வளவு நேரம் கதைத்தேனோ தெரியாது. அவரைப் பற்றி நான் யாரோடும் கதைத்ததில்லை, கஜந்தியோடும்.

கஜந்தி கண்ணைத் துடைத்துவிட்டு லிசாவுக்குச் சொன்னாள். எனக்கு டொச் அவ்வளவு வராது. ஆனால் நீளம் விளங்கும்.

"கஜந்தி, நான் இவ்வளவு சொன்னனான். நீ ரெண்டு வரியில முடிச்சிட்டாய். கற்கண்டையும் சொல்லு. முழுக்கச் சொல்லு" என்றேன். சொன்னாள். அழுதழுது சொன்னாள். லிசா ஒரு சொல்லும் விடாமல் கேட்டாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அண்ணை. பொய் எழுத எனக்கு இனி விருப்பமில்லை. உங்கள் இலக்கத்தை மட்டும் திறந்து வைக்கக் கஜந்தியிடம் சொன்னேன். நீங்கள் போன் எடுத்தால் நான் தூக்குவேனோ தெரியாது. ஆனால் அடிக்கும்.

வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றாமலே அவருடைய படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "ஓம், நீங்கள் சொன்னனீங்கள்" என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

சுந்தரேஸ்வரி தம்பித்துரை